கடைசி பஸ்ஸுக்கு யார் காசு கட்டுவது?

வீதியைப் பாவிக்கிறவன் அதற்குக் காசு கட்டட்டும், பாவிக்காதவன் எதற்காகக் கட்ட வேண்டும் என்ற வாதத்தில் முதற்பார்வைக்குக் குறையொன்றும் தென்படாது. நல்லூர்த் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து வந்திருந்த என் மச்சான் இதைச் சொன்னபோது விறாந்தையில் இருந்த எவரும் உடனே மறுத்துப் பேசவில்லை. அவர் வாடகைக்கு எடுத்திருந்த வான் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு குழிக்குள் இறங்கி அடிபட்டிருந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்கிடையில் ரொறன்ரோவின் 407ஆம் இலக்க விரைவுச்சாலையைப் பற்றி விளக்கத் தொடங்கினார். "ஏறினாக் காசு, ஏறாட்டி இல்லை. கமரா நம்பர் பிளேற்றைப் பார்க்கும், வீட்டுக்கு பில் வரும். இஞ்சையும் அப்பிடிச் செய்தால் ஏன் குழி வருது?" என்றார். உள்ளேயிருந்து தேநீருடன் வந்த என் அம்மா, "தம்பி, நான் காரும் ஓடேல்லை, மோட்டச்சைக்கிளும் ஓடேல்லை. அப்ப நான் இந்த ரோட்டுக்கு ஒண்டும் கட்டேல்லை எண்டோ சொல்லுறாய்?" என்று கேட்டார். "ஓம் மாமி, நீங்கள் சும்மாதான் போய் வாறியள்" என்று அவர் சிரித்தார். பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டது.

எனக்கு மட்டும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மாதந்தோறும் கிளினிக்குக்குப் பஸ்ஸில் போய் வருகின்ற, நடத்துநரிடம் முழுக் கட்டணத்தையும் எண்ணிக் கொடுக்கின்ற ஒருவரைச் 'சும்மா போய் வருபவர்' என்றும், காரில் போகின்றவரைக் 'கட்டுகின்றவர்' என்றும் பார்க்க வைக்கின்ற கணக்கு எது என்று யோசிக்கத் தொடங்கினேன். 407ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோ அரசு அதை 1999இல் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாரிடம் கொடுத்தது. அதில் ஏறாமல் போக விரும்புகின்றவருக்கு 401 என்ற இலவசப் பெருஞ்சாலை ஏறக்குறைய அதற்கு இணையாகவே ஓடுகின்றது. மாற்று வழி இருப்பதனால்தான் 'ஏறாட்டி இல்லை' என்ற வசனத்துக்குப் பொருள் வருகின்றது. எங்கள் ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு வர வேறு வழி கிடையாது. வேலிக்கு மேலால் பறந்தால்தான் உண்டு.

ஆறு நாள் உழைப்பு, மூன்று சிலிங்

வீதிக்கு யார் செலவழிப்பது என்ற கேள்விக்கு இந்தத் தீவில் எழுத்தில் கிடைத்த பழைய விடைகளுள் ஒன்று 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம். வளர்ந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்று தேசாதிபதி டொறிங்டனின் அரசாங்கம் விதித்தது. கோப்பித் தோட்டத் துரைக்கும் ஏழை விவசாயிக்கும் ஒரே அளவு. துரைக்கு மூன்று சிலிங் ஒரு பொருட்டல்ல. மற்றவருக்கு அது பல நாள் கூலி. அதுவும் அன்று போடப்பட்ட மலைநாட்டு வீதிகள் முதலில் யாருடைய சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோயின என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டில் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இந்தச் சட்டமும் ஒரு காரணமாயிற்று. எல்லோரிடமும் சமமாக அறவிடுவது நியாயமாகிவிடாது என்பதை அன்றைய அரசு நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே காசு செலவழித்துக் கற்றுக்கொண்டது.

இன்றைய ஏற்பாடு அவ்வளவு வெளிப்படையானதன்று. ஏ, பி தரத்து வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தரத்து வீதிகள் மாகாணத்துக்கு. ஒழுங்கைகள் மாநகர சபைக்கோ, நகர சபைக்கோ, பிரதேச சபைக்கோ சேரும். காசு வருகின்ற வழிகளோ இந்தப் பிரிப்புக்குப் பொருந்தி வருவதில்லை. எரிபொருளின் மீதான தீர்வையும் கலால் வரியும் கொழும்பில் திறைசேரிக்குப் போகின்றன. பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்று நாம் புதுப்பிக்கின்ற வாகன வருமான அனுமதிப் பத்திரத்தின் காசு மாகாணத்துக்குப் போகின்றது. ஆதன வரி உள்ளூராட்சிச் சபைக்கு. வாகன இறக்குமதி வரி மீண்டும் திறைசேரிக்கே. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கியபோது அரசாங்கம் அதை எவ்வளவு ஆவலுடன் எதிர்பார்த்தது என்பதைப் பத்திரிகை வாசித்தவர்கள் அறிவார்கள். எல்லா வாய்க்கால்களும் ஒரே குளத்தில் விழுகின்றன. குளத்திலிருந்து எந்த வயலுக்கு மடை திறப்பது என்பது வேறு கதை. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கும்போது 'வீதிக்குக் கட்டுகிறேன்' என்று நாம் நினைத்துக்கொள்ளலாம். அந்தக் காசு வீதிக்குத்தான் போக வேண்டும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

பெரிய வீதிகளை எடுத்தால், அவை வரியில் போடப்பட்டவைகூட அல்ல. போர் முடிந்த பின்னர் ஏ-9 வீதி சீனக் கடனிலும், வடக்கின் வேறு பல வீதிகள் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனிலும் புனரமைக்கப்பட்டன. 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி யாழ்தேவியை மீண்டும் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்த தண்டவாளம் இந்தியக் கடனில் போடப்பட்டது. கடனைத் திருப்பிக் கட்டுகின்றவர்கள் வீதியில் போகின்றவர்கள் மாத்திரமல்லர். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த பெற்றோலும் டீசலும் அன்றிலிருந்து அதற்குள் வந்தன. சவர்க்காரமும் பற்பசையும் வாங்குகின்ற என் அம்மா, ஏ-9 வீதிக்கும் கட்டுகின்றார். தாம் ஒருநாளும் கால் வைக்காத தெற்கு அதிவேகப் பாதைக்கும் கட்டுகின்றார். தெற்கே காலி நகரத்தில் இருக்கின்ற ஒரு தாயும் அதேபோல எங்கள் தண்டவாளத்துக்குக் கட்டிக்கொண்டிருக்கின்றார். தெற்கின் அதிவேகப் பாதைகளுக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று இங்கே மேடைகளில் கேட்கப்படுவதுண்டு. கேள்வி தவறல்ல, ஆனால் அதே வாய்பாட்டைத் திருப்பிப் போட்டால் யாழ்தேவியின் நிலைமை என்னவாகும் என்பதையும் கேட்பவர் யோசித்திருக்க வேண்டும். அந்த ரயிலின் கட்டணம் அதன் செலவை ஈடுசெய்வதில்லை. அதில் வாறண்டில், அதாவது அரசு கொடுக்கின்ற இலவசப் பயணச் சீட்டில், போகின்ற அரச உத்தியோகத்தர்களும் கணிசமானோர்.

எடையும் வெள்ளமும்

சரி, பாவிக்கிறவன் கட்டுவது என்ற கொள்கையையே ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொருவரும் வீதியை எவ்வளவு தேய்க்கின்றார்கள் என்று அளக்க வேண்டும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், வெவ்வேறு எடையுள்ள பாரவூர்திகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு வீதி எப்படிப் பழுதாகின்றது என்று பெரியதொரு பரிசோதனை செய்தார்கள். சக்கர அச்சொன்று தாங்குகின்ற எடை இரண்டு மடங்கானால் வீதிக்கு நேர்கின்ற சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகின்றது என்பது அதிலிருந்து பொறியியலாளர்கள் எடுத்துக்கொண்ட விதி. அச்சுக்கு ஒரு தொன் வருகின்ற காரையும், அச்சுக்குப் பத்துத் தொன் வருமளவுக்கு மணல் ஏற்றிய டிப்பரையும் எடுத்து இந்த விதியைப் பொருத்தினால், ஓர் அச்சுக்கான சேதத்தின் வேறுபாடு பத்து மடங்கு அன்று, 10,000 மடங்கு. டிப்பர் குடிக்கின்ற எரிபொருளோ காரைப் போலச் சில மடங்குதான். மோட்டார் சைக்கிள் இந்தக் கணக்கில் அகப்படவே மாட்டாது.

இதில் எங்கள் ஊருக்கென்று ஓர் எரிச்சலூட்டுகின்ற உண்மை இருக்கின்றது. இந்த நாட்டில் நெடுங்காலமாக டீசலை விடப் பெற்றோலுக்கே கூடுதலான வரி விதிக்கப்பட்டு வந்திருக்கின்றது. டீசல் என்பது பஸ்ஸும் லொறியும் மீன்பிடி வள்ளமும் ஓடுகின்ற எண்ணெய், அதை ஏற்றினால் எல்லா விலையும் ஏறும் என்பது அதற்குச் சொல்லப்படுகின்ற காரணம். காரணம் பொய்யல்ல. விளைவு என்னவென்றால், மருதங்கேணிப் பக்கத்து மணலை ஏற்றிக்கொண்டு இரவில் பறக்கின்ற டிப்பர் லீற்றருக்குக் குறைந்த வரியும், பருத்தித்துறையிலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வருகின்ற மோட்டார் சைக்கிள்காரர் லீற்றருக்குக் கூடிய வரியும் கட்டி வந்திருக்கின்றார்கள். குடாநாட்டு வீதிகளில் பெரும்பான்மையான இயந்திரம் மோட்டார் சைக்கிள்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இங்கே வீதியைத் தேய்க்காதவர்களே அதிகம் கட்டுகின்றவர்களாக இருக்கின்றார்கள். நியூசிலாந்து போன்ற நாடுகளில் டீசல் வாகனங்களிடம் எடைக்கும் ஓடிய தூரத்துக்கும் சேர்த்துத் தனிக் கட்டணம் அறவிடுகின்றார்கள். 2024 ஏப்ரலிலிருந்து மின்சாரக் கார்களையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். எங்களிடம் அதிக பாரம் ஏற்றுவதைத் தடுக்கின்ற சட்டம் இருக்கின்றது. தராசு எத்தனை வீதிகளில் இருக்கின்றது என்று மணல் வீதிகளின் ஓரத்தில் வாழ்கின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் தேய்மானக் கணக்கு முழுவதும் பஸ்ஸுக்குச் சாதகமானதன்று என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆட்கள் நெருக்கியடித்து ஏறிய பஸ்ஸின் பின்னச்சு ஒரு பாரவூர்தியினுடையதற்குக் கிட்ட வந்துவிடும். ஐம்பது பேரும் ஐம்பது மோட்டார் சைக்கிளில் போனால் வீதி குறைவாகத்தான் தேயும். இடத்தையும் புகையையும் விபத்தையும் சேர்த்தால்தான் கணக்கு மறுபக்கம் திரும்புகின்றது. ஐம்பது மோட்டார் சைக்கிள்கள் யாழ். நகரத்தின் கஸ்தூரியார் வீதியில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்பதையும், போதனா வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்கு இரவில் யார் கொண்டுவரப்படுகின்றார்கள் என்பதையும் அளப்பதற்குப் பொறியியலாளர் தேவையில்லை. எங்கள் ஒழுங்கையின் குழியைத் தோண்டியது யார் என்று பார்த்தால் அங்கே டிப்பரும் இல்லை, பஸ்ஸும் இல்லை. கார்த்திகை, மார்கழி மழையில் தேங்கி நிற்கின்ற வெள்ளம்தான் அதைத் தோண்டியது. வாய்க்காலை மதில் கட்டி மறித்தவர்கள் உண்டு, குளத்துக்குப் போகின்ற தண்ணீரின் வழியில் வீடு கட்டியவர்களும் உண்டு. வெள்ளத்துக்கு நம்பர் பிளேற் இல்லாதபடியால் மச்சானின் கமரா அதைப் பிடிக்காது.

பரப்பு விலை

இந்த இடத்தில் மச்சானையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கின்றது. அவருக்கு எங்கள் ஒழுங்கையில், காபெற் என்று நாங்கள் சொல்கின்ற தார்க் கலவை போடப்பட்ட பாதியில், ஆறு பரப்புக் காணியும் பூட்டிய வீடும் உண்டு. காபெற் போட்ட பிறகு அந்தப் பக்கத்துப் பரப்பு விலை ஏறியது. போடாத பக்கம் அப்படி ஏறவில்லை. பாவிக்கிறவன் கட்டட்டும் என்று சொன்னவர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் அந்த வீதியில் வான் ஓட்டுகின்றவர். ஆனால் அந்த வீதியால் ஒழுங்கையிலேயே அதிக இலாபம் அடைந்தவர்களுள் அவரும் ஒருவர். அந்த இலாபத்தில் ஒரு சதத்தைக்கூட வீதி கேட்கவில்லை. ஆதன வரி உண்டுதான். அது ஆண்டுப் பெறுமதியின் மீது கணிக்கப்படுவது, அந்தப் பெறுமதி எப்போதாவது மீள மதிப்பிடப்பட வேண்டும், அது தாமதமாகும், சபைக்கு வருகின்ற தொகை ஒழுங்கையொன்றை ஒழுங்காகச் செப்பனிடப் போதாது.

பூட்டிய வீடுகள் நிறைந்த ஒரு பிரதேசத்தில் இது சின்ன விடயமல்ல. வீதி வந்ததால் ஏறிய காணி விலையில் ஒரு பங்கைத் திரும்ப வீதிக்குக் கேட்பது நகரத் திட்டமிடலில் பழைய யோசனை. உலகின் பல நகரங்கள் ரயில் பாதைகளுக்கு இப்படிப் பணம் சேர்த்திருக்கின்றன. இங்கே அதைச் சொன்னால் உடனே ஓர் எதிர்ப்பு வரும். தகப்பன் விட்டுச் சென்ற வளவில் ஓய்வூதியத்தில் வாழ்கின்ற முதியவருக்குக் காணி விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, அவர் விற்கப் போவதில்லை, எப்படிக் கட்டுவார் என்பது அது. நியாயமான எதிர்ப்பு. குடியிருக்கின்றவரிடம் வாங்காமல், காணி கைமாறும்போதோ, ஆளில்லாத வளவாகத் தொடர்ந்து கிடக்கும்போதோ வாங்கலாம் என்று நான் மச்சானிடம் தொலைபேசியில் சொன்னேன். "நான் அனுப்பிற காசிலைதானே ஊரிலை பாதிக் கடை ஓடுது, இனிக் காணிக்கும் வரியோ?" என்றார். அதிலும் உண்மை இருக்கின்றது. ஆனாலும் அந்தக் காபெற்றுக்கான காசு அவர் அனுப்பியதல்ல.

காரைநகர்த் துறையில்

என் யோசனை உண்மையில் திரும்பியது காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகின்ற பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் கடலுக்குக் குறுக்கே ஏற்றிச் செல்கின்ற மிதவையில், வைத்துத்தான். உறவினர் ஒருவருடைய அந்தியேட்டிக்காகப் போயிருந்தேன். இரண்டு கரைக்கும் இடையில் இருப்பது சிறிய கடல். நடுவே கடற்கோட்டை தெரியும். பாதை இல்லாவிட்டால் காரைநகர்க்காரர் ஊர்காவற்றுறைக்குப் போவதற்குப் பொன்னாலைப் பாலத்தால் வெளியேறி, யாழ். நகரத்துக்கு வந்து, பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போய்ச் சுற்ற வேண்டும். மோட்டார் சைக்கிள்கள், பாடசாலைப் பிள்ளைகள், மீன் பெட்டியுடன் ஒருவர், கோப்புகளுடன் உத்தியோகத்தர்கள் என்று எல்லோரும் ஏறினோம். எவரும் எவரிடமும் காசு கேட்கவில்லை. எனக்கு அந்தப் பாதை பழக்கமில்லாததனால் பணப்பையை எடுத்துக்கொண்டு நின்றேன். கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "ஐயா, இது ரோட். ரோட்டுக்கு ஆர் ரிக்கற் தாறது?" என்றார்.

அவர் சொன்னது நிர்வாக ரீதியாக அப்படியே உண்மை. அந்தப் பாதையை நடத்துவது வீதி அபிவிருத்தி அதிகார சபை. இரண்டு கரையிலுமுள்ள வீதியின் அறுபட்ட துண்டாகக் கடல் கருதப்படுகின்றது. பாலம் கட்டும்வரை இயந்திரமும் மிதவையும் எண்ணெயும் அதை ஓட்டுகின்றவரின் சம்பளமும் வீதியின் பராமரிப்புச் செலவில் சேர்கின்றன. அதே தீவகத்தில் குறிகட்டுவானுக்குப் போய் நயினாதீவுக்குப் படகு ஏறினால் காசு கொடுக்க வேண்டும். அங்கேயும் கடல்தான், அங்கேயும் வீதி முடிந்துபோய்த்தான் படகு தொடங்குகின்றது. ஊர்காவற்றுறையில் இறங்கி யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன். ஏறி இருப்பதற்கிடையில் நடத்துநர் கையை நீட்டினார். தண்ணீரில் என்னை ஓர் இயந்திரம் சுமந்தது, அதற்கு எல்லோரும் சேர்ந்து கட்டுகின்றோம். தரையில் இன்னோர் இயந்திரம் சுமக்கின்றது, அதற்கு ஏறினவன் மட்டும் கட்டுகின்றான். இரண்டுக்கும் ஓட்டுநர் வேண்டும், டீசல் வேண்டும், நேர அட்டவணை வேண்டும். ஒன்று எந்தத் திணைக்களத்தின் பேரேட்டில் எழுதப்பட்டது, மற்றது எதில் எழுதப்பட்டது என்பதைத் தவிர வேறுபாடு என்ன என்று வேலணை தாண்டும்வரை யோசித்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அப்படியானால், கேள்வியை இதுவரை நாம் போட்டு வந்த விதமே மாற வேண்டும். காபெற் என்பது சொந்தமாக வாகனம் வைத்திருக்கின்றவருக்குத்தான் வீதி. வாகனம் இல்லாதவருக்கு, ஓட்ட முடியாதவருக்கு, இரவில் தனியே போகப் பயப்படுகின்றவருக்கு, அந்தக் காபெற்றின் மேல் பஸ்ஸொன்று ஓடினால்தான் அது வீதி. இரவில் பஸ் இல்லாத காபெற் வீதி என் அம்மாவைப் பொறுத்தவரை இரவில் மூடப்பட்ட வீதி. காரைநகர்த் துறையில் நாம் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்ட கொள்கையை யாழ். பஸ் நிலையத்தில் ஏற்க மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியவர்கள் மறுப்பவர்களே.

மாலை ஏழு மணி

இதைச் சொல்வதால் எல்லாப் பஸ்ஸும் இலவசமாக ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. லக்சம்பேர்க் 2020இல் அப்படிச் செய்தது. அந்த நாட்டின் வருமானத்தை எங்களுடையதுடன் ஒப்பிட்டால் சிரிப்பு வரும். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது இன்னும் கிட்டிய உதாரணம், ஆனால் அங்கே பெரும்பாலான நகரப் பஸ்கள் அரசினுடையவை. எங்களிடம் இருப்பது இரண்டுங்கெட்டான் நிலை. 1958இல் பஸ்கள் தேசியமயமாக்கப்பட்டன, 1979இல் தனியாருக்கு மீண்டும் வழி திறந்தது, அன்றிலிருந்து இரண்டும் ஒரே தரிப்பிடத்தில் ஒரே பயணிக்காகத் துரத்திக்கொண்டு ஓடுகின்றன. பருவச் சீட்டு வைத்திருக்கின்ற பாடசாலைப் பிள்ளை அரசின் சிவப்புப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கின்றது; அந்தச் சீட்டுக்கான மானியத்தைத் திறைசேரி கொடுக்கின்றது. தனியார் பஸ் முழுக் காசு கொடுக்கின்றவரை ஏற்றிக்கொண்டு முந்துகின்றது. அதன் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அன்றைய கலெக்சனில்தான் கூலி. ஆகவே காலையில் நிரம்பி வழிகின்ற நேரத்தில் இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று உரசுகின்றன. மாலை ஏழு மணிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. இணைந்த நேர அட்டவணையைப் பற்றி எத்தனையோ கூட்டங்கள் நடந்துவிட்டன. அட்டவணை பிடிக்காமற் போவதற்கு ஆட்களின் பிடிவாதம் மாத்திரம் காரணமல்ல. கலெக்சனில் கூலி வாங்குகின்றவருக்கு ஆளில்லாத நேரத்தில் ஓடச் சொல்வது, பட்டினி கிடக்கச் சொல்வது.

அந்த ஏழு மணி யாருடைய நேரம் என்று நகரத்துப் புடவைக் கடைகளின் வாசலில் நின்று பார்த்தால் தெரியும். கடை பூட்டுகின்ற நேரத்தில் பணிப்பெண்கள் கூட்டமாக வெளியே வருவார்கள். பஸ் இருக்கின்ற ஊர்க்காரிகள் ஓடுவார்கள். இல்லாத ஊர்க்காரிகள் சேர்ந்து ஓட்டோ பிடிப்பார்கள், அல்லது தமையனோ தகப்பனோ மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றும்வரை தெருவோரத்தில் நிற்பார்கள். நாட்கூலியில் ஒரு பங்கு ஓட்டோவுக்குப் போகின்றது. வேறு சிலர் ஆறு மணிக்கே வந்துவிடுகின்ற வேலையை, அதாவது குறைந்த சம்பளத்து வேலையைத் தெரிந்தெடுக்கின்றார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஆகக் குறைந்த பஸ் கட்டணம் ஏப்ரலில் 27 ரூபாவாக இருந்து ஜூலையில் 40 ரூபாவானது. ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவும் டீசல் 460 ரூபாவும் விற்றன. போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய ஊர் என்றபடியால் நாங்கள் மீண்டும் சைக்கிளுக்கு மாறி அதையும் சமாளித்தோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றோம். யார் சமாளித்தார்கள், யார் வேலையை விட்டார்கள் என்று எவரும் எண்ணவில்லை. பிரான்சில் 1971 முதல், முதலில் பாரிஸ் பகுதியில், ஓரளவு பெரிய நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியலின் அளவுக்கு ஏற்பப் பொதுப் போக்குவரத்துக்கு ஒரு வரி கட்டுகின்றன. பணியாளர் வந்து சேர்வதால் பயனடைவது முதலாளியும்தான் என்பது அதன் அடிப்படை. நகரத்துக் கடை முதலாளிகளிடம் இதைச் சொல்லிப் பார்க்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

நான் கேட்பது சிறியது. நகரத்திலிருந்து புறப்படுகின்ற ஒரு வழித்தடத்தில், மாலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் ஓடுகின்ற பஸ்ஸுக்கு, சிவப்போ தனியாரோ, ஓடிய கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு, பயணிகளிடம் வாங்குகின்ற கட்டணத்தைக் கொடுக்கின்ற தரப்பே எடுத்துக்கொள்ள வேண்டும். இலண்டனில் சிவப்புப் பஸ்களை ஓட்டுகின்ற தனியார் நிறுவனங்களுக்கு இப்படித்தான் கொடுக்கப்படுகின்றது. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓட்டுநருக்குக் கூலி உண்டு, நேரத்துக்குப் போனால்தான் முழுக் கூலி. இலாபமில்லாத கிராமப் பாதைகளுக்கும் பாடசாலைச் சேவைகளுக்கும் அரசு பணம் கொடுக்கின்ற வழக்கம் இந்த நாட்டில் 'கெமி சரிய', 'சிசு சரிய' என்ற பெயர்களில் ஏற்கெனவே இருக்கின்றபடியால் இது முன்னுதாரணமில்லாத கோரிக்கையும் அன்று. காசு எங்கிருந்து வரும் என்பதற்கு என் விடை வருமான அனுமதிப் பத்திரம். அது மாகாணத்தின் வருமானம், வாகனம் வைத்திருக்கின்றவர்கள் கட்டுவது, பாரவூர்திகளுக்கான கட்டணத்தில் எடையைக் கண்டிப்பாகப் பார்க்க இடமுண்டு. அதில் மோட்டார் சைக்கிளைத் தொடாமல் டிப்பரின் பங்கை ஏற்றி, ஏற்றிய பகுதியை மாத்திரம் மாலைப் பஸ்ஸுக்கென்று ஒதுக்கலாம். டிப்பர் உரிமையாளர்கள் அதை மணல் விலையில் ஏற்றி வீடு கட்டுகின்றவர் தலையில் வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டுகின்ற ஏழைக்கும் அந்த விலைதான் என்பதால் அந்த இடம் எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. வீட்டுத்திட்டப் பயனாளிகளுக்கு மணல் ஏற்றுகின்ற அனுமதியில் விலக்களிக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கின்றார். அந்த விலக்கின் பெயரில் எத்தனை டிப்பர்கள் ஓடும் என்பதையும் அவரே சொல்லிச் சிரித்தார்.

இதை யார் தீர்மானிப்பது என்பது அடுத்த தடை. 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் மாகாணத்தின் வரவும் செலவும் தெரிவு செய்யப்பட்ட ஒருவரும் இல்லாமல் ஆளுநரின் கீழ்த்தான் நடந்து வந்திருக்கின்றன. உள்ளூராட்சிச் சபைகளுக்கு 2025 மே மாதம் தேர்தல் நடந்தது. ஒழுங்கைக் குழியைப் பற்றிக் கேட்பதற்கு இப்போது ஓர் உறுப்பினர் இருக்கின்றார், ஆனால் பஸ் அவருடைய கையில் இல்லை. ஆகவே எங்கள் வட்டார உறுப்பினரிடம் நான் கொடுத்திருக்கின்ற கடிதத்தில் இரண்டே கோரிக்கைகள் உள்ளன. காபெற் போட்ட ஒழுங்கைகளின் ஆதனப் பெறுமதியை மீள மதிப்பிடும்படி சபை கேட்க வேண்டும் என்பது ஒன்று. மாலைப் பஸ்ஸை ஓராண்டுக்குப் பரீட்சித்துப் பார்க்கும்படி மாகாண நிர்வாகத்துக்குச் சபை தீர்மானமொன்றை அனுப்ப வேண்டும் என்பது மற்றது. அந்த ஓராண்டில் கொடுத்த தொகையையும் வசூலான கட்டணத்தையும் மாதாமாதம் பஸ் நிலையப் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும் என்றும் கேட்டிருக்கின்றேன். இரண்டாவதைச் செய்யலாம் என்றார். முதலாவதைப் படித்துவிட்டு, அந்த ஒழுங்கைகளில்தான் தனக்கு வாக்குப் போட்டவர்கள் இருக்கின்றார்கள் என்றார்.